நாள்தோறும் பாலம் கடப்போர்: ஜொகூர் கடற்பாலச் சோதனைகளின் வரலாறு



ஜொகூர் பாரு வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பணியாற்றும் எவரும் மாணவர் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்றைக் காண்பர். 'தந்தையின் பணியிடம்' என்னும் கட்டத்தில் துவாஸ், ஜூரோங், செனோக்கோ, உட்லண்ட்ஸ் என அக்கரைப் பெயர்களே வரிசையாக நிற்கும். தொலைபேசி எண் 65 என்று தொடங்கும். பெற்றோர் சந்திப்பு நாளில் தாய் மட்டும் வருவார். தாயும் அக்கரைக்கு வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து பாட்டி வருவார். 'என் தந்தை' என்று கட்டுரை எழுதச் சொன்னால், "நான் எழும் முன்பே அப்பா போய்விடுவார், நான் தூங்கிய பிறகு வருவார்" என்னும் வாக்கியம் வகுப்பில் பாதிப் பேரின் ஏட்டில் இருக்கும். இது ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியதன்று!

இதற்குத் தூரத்தைக் காரணம் காட்ட முடியாது. கடற்பாலத்தின் நீளம் 1,056 மீட்டர். ஓய்வாக நடந்தாலும் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். விடியற்காலை நான்கு மணிக்கே மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளம்ப வைப்பவை அதன் இரு முனைகளிலும் உள்ள சோதனைச் சாவடிகள்தாம். பாலம் கட்டப்பட்ட கதை நம் பாடநூல்களில் ஓரளவுக்கு உண்டு. சோதனைகள் வந்த கதையை நான் பார்த்த எந்தப் பாடநூலிலும் காணேன். அதனை என்னால் இயன்ற அளவு இங்கே எழுத முற்படுகிறேன்.

முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவை நாள்தோறும் வேலைக்குப் போகிறவரை எண்ணி ஏற்படுத்தப்பட்டவையல்ல. ஒவ்வொன்றும் வேறு யாரையோ பிடிக்க வந்தது. அந்த 'வேறு யாரோ' போன பிறகும் பெரும்பாலும் தங்கிவிட்டது. ஆண்டுக்கு ஒருமுறை சிங்கப்பூருக்குச் சுற்றுலா போகிறவருக்கு அது ஒரு நாள் தொல்லை. நாள்தோறும் போகிறவருக்கோ அதுவே வாழ்க்கையின் ஒரு பகுதி.

பாலம் என்கிறோம். உண்மையில் அது தூண்கள் மேல் நிற்கும் பாலமன்று. புலாவ் ஊபினிலிருந்தும் புக்கிட் தீமாவிலிருந்தும் கொண்டுவந்த கருங்கற்களைக் கடலில் கொட்டி எழுப்பிய கரை. மலாய்க்காரர்கள் 'தம்பாக்' என்று சரியாகவே அழைக்கிறார்கள். 1923-ஆம் ஆண்டு செப்டம்பரில் சரக்கு இரயில்களும், அக்டோபரில் பயணிகள் இரயில்களும் அதன்மீது ஓடத் தொடங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் ஆளுநர் லாரன்ஸ் கிலிமார்டு, ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் முன்னிலையில் அதிகாரபூர்வமாகத் திறந்து வைத்தார். அக்காலத்தில் சோதனை என்றால் பெரும்பாலும் சுங்கச் சோதனைதான். சிங்கப்பூர் தீர்வையற்ற துறைமுகம். ஜொகூரோ தீர்வை விதிக்கும் தனி அரசு. ஆகவே, மூட்டையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. மூட்டையைச் சுமப்பவர் யார் என்பது பெரிதாகக் கேட்கப்படவில்லை.

அந்தக் கேள்வி 1948-இல் வந்தது. கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு எதிராக அவ்வாண்டு ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளின்கீழ் மலாயாவில் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரும் பதிவு செய்யப்பட்டு, புகைப்படமும் கட்டைவிரல் ரேகையும் கொண்ட அடையாள அட்டை வழங்கப்பட்டது. சிங்கப்பூரிலும் அதே ஆண்டு அடையாள அட்டை வந்தது. காட்டில் இருப்பவரையும் ஊரில் இருப்பவரையும் பிரித்தறிவதே நோக்கம். ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் பாட்டன்மார் இதனை நன்கறிவர். காட்டுக்கு உணவு போய்விடக்கூடாது என்று, வேலைக்காட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக்கூட வாயிலில் திறந்து பார்த்த காலம் அது. அவசரகாலம் 1960-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் முடிவுக்கு வந்தது. அடையாள அட்டை முடிவுக்கு வரவில்லை. இன்று நம் மாணவர்கள் 12 வயது நிறைந்ததும் 'மைகாட்' எடுக்கப் பெருமையோடு போகிறார்களே, அந்த 12 என்னும் எண்ணின் வேர் அவசரகாலத்தில் இருக்கிறது.

1963-இல் மலேசியா உருவாயிற்று; 1965 ஆகஸ்டு 9-ஆம் நாள் சிங்கப்பூர் பிரிந்தது. பிரிந்த மறுநாளே கடப்பிதழ் கேட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். அவ்வாறில்லை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அடையாள அட்டையோடே மக்கள் போய்வந்தனர். 1967 ஜூனில் சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் கடப்பிதழ்ச் சோதனையைத் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் மலேசியாவும் தொடங்கியது. அதுவரை அக்காள் வீடு, தங்கை வீடு என்று போய்வந்தவர்கள் திடீரென வெளிநாட்டுப் பயணிகள் ஆனார்கள்! செம்பாவாங் கடற்படைத் தளத்தில் வேலை செய்த இந்தியர் பலருக்கு உறவு இக்கரையில், சம்பளம் அக்கரையில் என்னும் நிலை. இக்காலக்கட்டத்திலேயே குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்னும் சட்டங்கள் இரு நாடுகளிலும் வந்தன. மலேசியாவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் கப்பலேறினர் என்பதை நம் சமூகம் இன்னும் மறக்கவில்லை. எத்தனை ஆண்டு உழைத்தார் என்பதை விடுத்து, கையில் எந்தத் தாள் இருக்கிறது என்பதே மனிதனின் இடத்தைத் தீர்மானித்த ஆண்டுகள் அவை.

என் பெரியப்பா அக்கால மனிதர். ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பற்றவைப்பு வேலை. மலேசியர்கள் அண்டை நாட்டுக்கு மட்டும் போய்வர, குறைந்த கட்டணத்தில் 'கட்டுப்பாட்டுக் கடப்பிதழ்' என ஒன்று முன்பு வழங்கப்பட்டது. அதனை அவர் பிளாஸ்டிக் உறையில் இட்டுச் சட்டையின் உட்பையில் வைத்திருப்பார். வேறெந்த நாட்டுக்கும் அது செல்லாது. "என் உலகப் படத்தில் ரெண்டே ஊருதான்யா" என்று சிரிப்பார். முத்திரை குத்திக் குத்திப் பக்கங்கள் தீர்ந்துபோய், காலாவதியாகும் முன்பே புதியது எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நாள் விடுப்பு. விடுப்பெடுத்த நாளுக்குச் சம்பளம் இல்லை.

எழுபதுகளில் சோதனை தலைமுடிவரை வந்தது. நீண்ட முடி ஹிப்பிப் பண்பாட்டின் அடையாளம், அதன் பின்னே போதைப்பழக்கம் வரும் என்று சிங்கப்பூர் அரசு கருதியது. 1970 ஆகஸ்டில் அங்கே காவல் துறையினரிடம் பிடிபட்ட மலேசிய இளைஞர் மூவரின் முடி வெட்டப்பட்ட செய்தி இங்கே பெருங்கொந்தளிப்பை உண்டாக்கியது. பிரதமர் லீ குவான் இயூ தம் மலேசியப் பயணத்தையே தள்ளிவைக்க நேர்ந்தது. அக்காலத்தில் நுழைவாயிலிலேயே நீளமுடிக்காரர்கள் திருப்பி அனுப்பப்பட்டதுண்டு. இன்று கேட்டால் மாணவர்கள் சிரிக்கிறார்கள். பெரியப்பாவின் பட்டறைத் தோழர்கள் சிரிக்கவில்லை. சம்பள நாளுக்கு முன் முடிதிருத்தும் கடைக்குப் போவதை வழக்கமாக்கிக் கொண்டனர்.

சோதனைகள் மலேசியர் மீது மட்டும்தான் என்று எண்ணிவிட வேண்டாம். மலிவான மலேசியப் பெட்ரோலை நிரப்பி வருவதைத் தடுக்க, சிங்கப்பூர் கார்கள் வெளியேறும்போது கொள்கலனில் குறைந்தது பாதி எரிபொருளாவது இருக்க வேண்டும் என்று 1989-இல் அந்நாட்டு அரசு விதித்தது. 1991-இல் அது முக்கால் ஆயிற்று. அந்த விதி இன்றும் உண்டு. 1992-இல் சூயிங்கம் தடை வந்தது. இவை சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால், ஒவ்வொரு புதிய விதியும் அதிகாரி பார்க்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒரு வரியைக் கூட்டுகிறது. ஒவ்வொரு வரியும் ஒரு வண்டிக்குச் சில விநாடிகள். ஆயிரக்கணக்கான வண்டிகள் நிற்கும்போது அந்த விநாடிகள் மணிகளாகின்றன.

இரயில் பயணிகளுக்கு வேறொரு விந்தை. 1998 ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் இரயில் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது; மலேசியாவோ தன் சோதனையைத் தஞ்சோங் பகார் நிலையத்திலேயே வைத்துக்கொண்டது. ஆகவே வடக்கே போகிறவர் முதலில் மலேசியாவுக்குள் 'நுழைந்து', அரை மணிக்கு மேல் பயணம் செய்து, அதன் பிறகு சிங்கப்பூரிலிருந்து 'வெளியேறினார்'! 2011 ஜூன் 30-ஆம் நாள் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி இரயில் புறப்படும்வரை இந்நிலை நீடித்தது.

2008-க்கு வருவோம். பிப்ரவரி 27-ஆம் நாள் சிங்கப்பூர்த் தடுப்புக் காவல் நிலையம் ஒன்றிலிருந்து, தீவிரவாதச் சந்தேகத்தின் பேரில் அடைக்கப்பட்டிருந்த மாஸ் செலாமாட் தப்பினார். அன்றிலிருந்து உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் ஒவ்வொரு காரின் பின்பெட்டியும் திறக்கப்பட்டது. ஒவ்வொரு முகமும் உற்றுப் பார்க்கப்பட்டது. வரிசை பாலம் முழுவதும் நீண்டது. இரவுப் பணி முடிந்தவர்கள் காலை உணவு நேரத்திற்குப் பின்னரே வீடு சேர்ந்த நாள்கள் உண்டு. தாமதமாக வந்ததற்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்த முதலாளிகளும் இருந்தனர். 2009 ஏப்ரல் 1-ஆம் நாள் ஸ்கூடாய்ப் பகுதியில் அவர் பிடிபட்டார். அதன் பின்னர் வெளிவந்த விவரம்தான் என்னை வியக்க வைத்தது. அவர் சாவடி வழியே வரவேயில்லை. மிதவை போன்ற ஒன்றைச் செய்துகொண்டு நீரிணையைக் கடந்திருந்தார்! ஆயிரமாயிரம் தொழிலாளர்கள் வரிசையில் நின்ற அந்த நாள்களில், தேடப்பட்டவர் அந்த வரிசையிலேயே இல்லை. (அதிகாரிகளைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர் எவ்வழியே போவார் என்பது அவர்களுக்கு அப்போது தெரிந்திருக்க நியாயமில்லை.)

பெற்றோர்கள் மனம் வைத்துப் படிக்க வேண்டிய பகுதி ஒன்று உண்டு. சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டம் 1973-ஆம் ஆண்டுக்குரியது. 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை என்பது 1975-இல் சேர்க்கப்பட்டது. நாள்தோறும் பாலம் கடக்கும் இளைஞர் மீது கடத்தல்காரர்கள் கண் வைப்பது ஏன்? அதிகாரிகளுக்குப் பழகிய முகம், பழகிய நேரம், கடனில் இருக்கும் குடும்பம். ஈப்போவைச் சேர்ந்த தமிழ் இளைஞர் ஒருவர் 2009 ஏப்ரலில் உட்லண்ட்ஸ் சாவடியில், தொடையில் கட்டியிருந்த 42.72 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டார். அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என்று வழக்கில் கூறப்பட்டது. தாம் செய்வதை அவர் அறிந்தே செய்தார் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. 2022 ஏப்ரல் 27-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். பெயரை நீங்கள் அறிவீர்கள்; நான் இங்கே எழுத வேண்டியதில்லை. அந்தத் தண்டனை சரியா என்பதில் ஆசிரியர் அறையிலேயே எங்களுக்குள் ஒத்த கருத்தில்லை. எனக்கு அது ஏற்புடையதன்று. ஆனால், சாவடியில் பை திறக்கப்படுவது இதற்காகவும்தான் என்பதை மறுக்க இயலாது. "இதை அந்தப் பக்கம் கொடுத்துவிடு" என்று யார் எதைத் தந்தாலும், மாமாவே தந்தாலும், வாங்கக்கூடாது என்பதை ஐந்தாம் படிவம் முடிக்கும் பிள்ளைகளிடம் வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள்.

இனி உடலே அடையாளமான காலத்திற்கு வருவோம். 2016 ஏப்ரல் முதல் சிங்கப்பூர்ச் சாவடிகளில் வருகையாளர்களின் இரு கட்டைவிரல் ரேகைகளும் பதியப்படலாயின. சிமெண்டும் சலவைத் தூளும் கையாளுவோரின் ரேகை தேய்ந்திருக்கும். கருவி படிக்காது, மீண்டும் வைக்கச் சொல்லும், பின்னால் நிற்பவர் முணுமுணுப்பார். உழைத்துத் தேய்ந்த விரலே ஒருவரைச் சந்தேகத்துக்கு உள்ளாக்குவது எத்துணைக் கொடுமை! 2020-இன் பிற்பகுதியில் தானியங்கி வாயில்கள் கண்ணின் கருவிழியையும் முகத்தையும் பார்க்கத் தொடங்கிய பிறகு இத்தொல்லை குறைந்தது என்று பெற்றோர் சிலர் கூறினர். நல்லதே. அதே வேளையில், 1948-இல் ஓர் அட்டையில் இருந்த ரேகை இன்று ஒரு கணினியில் இருக்கிறது. அட்டையை நாம் வைத்திருந்தோம். கணினியை அவர்கள் வைத்திருக்கிறார்கள்.

பிறகு 2020 மார்ச். 16-ஆம் நாள் இரவு நம் பிரதமர் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையை அறிவித்தார். 18-ஆம் நாள் தொடங்கியதும் நடைமுறைக்கு வரும் என்றார். இடையில் இருந்தது ஒரே பகல். அதுவரை நாள்தோறும் ஏறக்குறைய 300,000 பேர் கடந்துவந்த வழி அது. வேலையை விடுவதா, வீட்டை விடுவதா? 17-ஆம் நாள் மாலை பைகளோடும் போர்வைகளோடும் மக்கள் அக்கரைக்கு விரைந்தனர். தங்க இடமின்றிக் கிராஞ்சி இரயில் நிலையத்தருகே படுத்துறங்கியவர்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களைத் தங்கவைக்கும் முதலாளிகளுக்கு ஒரு தொழிலாளிக்கு இரவொன்றுக்கு 50 வெள்ளி வீதம் 14 இரவுகளுக்குச் சிங்கப்பூர் அரசு உதவியது. இரண்டு வாரம் என்று எண்ணிப் போனவர்கள்தாம் அனைவரும். ஆகஸ்டு 17-ஆம் நாள் 'அவ்வப்போது சென்றுவரும் ஏற்பாடு' தொடங்கியது. அதன்படி, குறைந்தது 90 நாள் பணியிடத்தில் இருந்த பிறகே வீடு திரும்ப விடுப்புக் கேட்கலாம். வந்தாலும் தனிமைப்படுத்தல், பரிசோதனை. 2021 நவம்பர் 29 முதல் குறிப்பிட்ட பேருந்துகள் ஓடின. 2022 ஏப்ரல் 1-ஆம் நாள் நள்ளிரவில்தான் தடுப்பூசி போட்டவர்களுக்குப் பாலம் முழுமையாகத் திறந்தது.

அந்த ஈராண்டில் ஓர் ஆசிரியராக நான் கண்டவை பல. 1,056 மீட்டருக்கு அப்பால் இருந்த தந்தையைத் திரையில் மட்டும் பார்த்து முதலாம் ஆண்டையும் இரண்டாம் ஆண்டையும் முடித்த பிள்ளைகள் இருந்தனர். தாத்தாவின் இறுதிச்சடங்கைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே அக்கரையில் அழுத மகனும் உண்டு. இயங்கலை வகுப்பில் ஒரு சிறுமி, "சார், எங்கப்பா வீடு இந்த ஜன்னல்ல தெரியும்" என்று வெளியே விரல் நீட்டினாள். அவள் வீடு நீரிணைக் கரையோர அடுக்குமாடியில் இருந்தது. உட்லண்ட்ஸ் கட்டடங்கள் அங்கிருந்து நன்றாகவே தெரியும்.

அதே காலத்தில் சிங்கப்பூரில் 'டிரேஸ்டுகெதர்' என்னும் தடமறியும் கருவி இருந்தது. நோய்த்தொற்றுக்கு மட்டுமே என்று மக்கள் நம்பி எடுத்துச் சென்றனர். குற்ற விசாரணைக்கும் காவல் துறை அத்தகவலைப் பெறலாம் என்று 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டபோது பலர் அதிர்ந்தனர். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி வரம்பிட்டனர். 2023-இல் அக்கருவி கைவிடப்பட்டது. வந்த சோதனை போகாது என்று மேலே எழுதினேனே, இது போயிற்று. மக்கள் கேட்டதால் வரம்பு வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆனால், அங்கே கேள்வி கேட்டவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்கள். இக்கரையிலிருந்து போகிறவருக்கு அங்கே வாக்கில்லை. இங்கே வாக்களிக்கும் நாளிலும் பலருக்கு விடுப்பில்லை. வரிசையின் நீளத்தை யாரிடம் முறையிடுவது?

இதைவிடத் துயரமானது, அந்த வரிசையில் நிற்கவும் இயலாதவர்களின் நிலை. பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் அலைவதை நாம் ஆண்டுதோறும் பார்க்கிறோம். அப்பிள்ளைகள் வளர்ந்து சிவப்பு அடையாள அட்டையோடோ ஒன்றுமில்லாமலோ நிற்கும்போது, மலேசியக் கடப்பிதழ் கிடையாது. உடன் படித்த நண்பன் அக்கரையில் சம்பாதித்து வீடு வாங்குகிறான். இவர் இக்கரையில் நாள்கூலிக்கு நிற்கிறார். ஆகவே, ஆசிரியர்களே, முதலாம் ஆண்டுப் பதிவின்போதே பத்திரக் குறைபாடுகளைக் குறித்து வைத்துப் பெற்றோரைத் தேசியப் பதிவிலாகாவுக்கு அனுப்புங்கள். 12 வயதில் தொடங்குவது தாமதம்.

2024 மார்ச்சு 19 முதல் உட்லண்ட்ஸிலும் துவாஸிலும் காரில் செல்வோர் கடப்பிதழை நீட்டாமல் கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடக்கும் முறை வந்தது. நம் பக்கத்திலும் அதே ஆண்டு ஜூனில் சோதனை முயற்சி தொடங்கியது. புக்கிட் சாகாருக்கும் உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் இடையிலான விரைவு இரயில், 2026 இறுதியில் தொடங்கும் இலக்கோடு கட்டப்பட்டது. மணிக்கு ஒரு திசையில் 10,000 பேரை ஏற்றவல்லது; இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளும் ஏறும் நிலையத்திலேயே முடிந்துவிடும் வகையில் அமைக்கப்பட்டது. ஐந்து நிமிடப் பயணம் என்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் போகும் தந்தைமார் எத்தனை பேர் இதற்கு மாறுவார்கள் என்பது கட்டணத்தைப் பொறுத்தது.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு இவ்வரலாற்றை ஒரு சிறு கண்காட்சியாக அமைக்க எண்ணியுள்ளேன். பழைய கட்டுப்பாட்டுக் கடப்பிதழ், அவசரகால அடையாள அட்டை, வேலை அனுமதிச் சீட்டு எதையேனும் வீட்டில் வைத்திருக்கும் பெற்றோர்கள் பிள்ளையிடம் கொடுத்தனுப்பாமல் நேரில் கொண்டுவந்து காட்டுங்கள். படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தந்துவிடுகிறேன். பெரியப்பாவினுடையதை முதல் மேசையில் வைக்கிறேன். அதில் எஞ்சியிருப்பது ஒன்றரைப் பக்கம்.